கோட்டை வாசலில் நாலு பேர்

அக்கா வீட்டில் பழைய டிவிப் பெட்டியின் மேல் ஒரு கேசட் இருக்கிறது. பாட்டுக் கேசட் இல்லை. டிவியோடு இணைத்த பெட்டியில் சொருகி விளையாடுகிற கேம் கேசட். சாம்பல் நிறம், உள்ளங்கை அகலம். முன்பக்கம் ஒட்டியிருந்த படம் உரிந்துபோய் ஒரு வாளும் அதைப் பிடித்த கையும் மட்டும் மிச்சம் இருக்கின்றன, ஆளைக் காணோம். பின்பக்கம் மெரூன் நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு. "இந்தக் குப்பைய இன்னுமா வச்சிருக்கீங்க?" என்று கேட்ட ஒரு சொந்தக்காரியை நான் காபிகூடக் கொடுக்காமல் வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவளுக்கு வாய் இல்லையென்றால் பிழைப்பு இல்லை. அப்பேர்ப்பட்ட எனக்கே பேச்சடைத்துப்போன ஒரு நாள் இந்தக் கேசட்டால் வந்தது. அதைச் சொல்லவேண்டும் என்றால் முதலில் அத்தானைச் சொல்லவேண்டும்.

அத்தான், அக்கா வீட்டுக்காரர். துபாயில் கம்பி கட்டும் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார். வந்த களைப்புத் தீர்வதற்குள் பெட்டி கட்டிவிடுவார். அதிகம் பேசாத மனிதர். பெற்ற ஒரே மகனிடம் என்ன பேசுவது என்றுகூட அவருக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு தடவையும் அங்கே பழைய சாமான் சந்தையில் தேடி ஒரு கேம் கேசட் வாங்கி வருவார். அதை மகன் கையில் கொடுத்துவிட்டு அவர் நிற்கிற நிற்பைப் பார்க்கவேண்டும். பரீட்சைப் பேப்பரை வாத்தியார் நீட்டும்போது பிள்ளைகள் நிற்குமே, அப்படி. மகன் சிரித்துவிட்டால் அந்த லீவு பாஸ். அப்புறம் இரண்டு பேரும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஆளுக்கொரு ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் சாயங்காலம்வரை ஆடுவார்கள். அதுதான் அவர்கள் பேசிக்கொண்ட பேச்சு.

இந்தச் சாம்பல் கேசட் மட்டும் வேறு மாதிரி. இருவர் ஆடுகிற ஆட்டம் இல்லை, கதை. நாலு பேர் சேர்ந்து கிளம்பி, காடு, பனிமலை, சுடுகாடு எல்லாம் தாண்டிக் கடைசியில் ஒரு கறுப்புக் கோட்டைக்குப் போகவேண்டும். நாலு பேருக்கும் ஆடுகிறவரே பேர் வைத்துக்கொள்ளலாம், ஆங்கிலத்தில் ஆறு எழுத்துக்குள். ஒரே மூச்சில் முடிகிற கதை இல்லை என்பதால், விட்ட இடத்தையும் வைத்த பேர்களையும் கேசட்டே ஞாபகம் வைத்துக்கொள்ளும். அதற்கென்று உள்ளே ரூபாய்க் காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும். அத்தான் அதைக் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிட்டார். பக்கத்து வீட்டுக் கேசட்டுகளோடு கலந்துவிடக் கூடாதென்று, மகன் அக்காவின் பொட்டு அட்டையிலிருந்து ஒன்றைப் பிய்த்துப் பின்னால் ஒட்டிக்கொண்டான். நான் அப்போது கல்யாணமாகி ராயகிரியில் இருந்தேன். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ வந்தால், அவன் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பான்; மணி என்று அவன் பேர் வைத்த தெருநாய் அவன் காலடியில் படுத்திருக்கும்; பக்கத்தில் அக்கா சீனியவரைக்காய் நறுக்கிக்கொண்டே, "இப்ப எங்கலே போறீங்க?" என்று கேட்டுக்கொண்டிருப்பாள். "சித்தி, சத்தம் போடாத, பாம்பு வருது" என்பான் என்னிடம். சத்தம் போடாமல் இருக்க எனக்கு எப்போது தெரிந்தது?

ஒரு வெள்ளிக்கிழமை, துபாயிலிருந்து போன் வந்தபோது அவன் சொன்னானாம்: "அப்பா, நான் கோட்டை வாசல்ல நிக்கேன். நீங்க லீவுக்கு வாங்க, சேந்து உள்ள போவோம்." அந்த வருஷம் அத்தானுக்கு லீவு கிடைக்கவில்லை. அடுத்து அவர் வந்தபோது மகனுக்கு மீசை அரும்பியிருந்தது. கிரிக்கெட், பைக், கூட்டாளிகள் என்று வெளியிலேயே திரிந்தான். கோட்டையைப் பற்றி அவனும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. "கேக்கணும்னுதான் இருந்தேன் ட்டி. பெரிய பய ஆயிட்டானே, சிரிச்சிருவானோன்னு விட்டுட்டேன்" என்று ரொம்பப் பிற்பாடு என்னிடம் சொன்னார். மனிதனுக்குச் சில கேள்விகள் தொண்டையிலேயே தங்கிவிடுகின்றன, மீன் முள் மாதிரி.

படிப்பு முடிந்து வேலைக்குச் சேர்ந்த சில மாதத்தில், சுரண்டையிலிருந்து பைக்கில் திரும்பி வரும்போது லாரி மோதி மகன் போய்விட்டான். அத்தான் வந்து சேரும்வரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். பதினாறாம் நாள் காரியம் முடிந்தது, லீவும் முடிந்தது, அத்தான் திரும்பிப் போனார். மகன் செத்ததற்குக்கூட மனிதருக்கு அளந்துதான் லீவு கொடுத்தார்கள். அவர் போன மறுநாள் அக்கா பீரோவைத் திறந்து, அவன் சட்டைகள், பேட், ஷூ, கேம் பெட்டி, கேசட்டுகள் எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டி, தெருவில் வந்த பழைய இரும்பு வண்டியில் ஏற்றிவிட்டாள். காசு வாங்கவில்லை. "கண்ணுல படுதது ஒண்ணும் வேண்டாம்" என்றாள். அவளைக் குற்றம் சொல்ல யாருக்கும் வாயில்லை. ஆனால் அவளே தன்னைச் சொல்லிக்கொண்டாள். தூக்கி எறிந்த கையை அவள் மறக்கவே இல்லை.

சில வருஷங்களில் அத்தான் கிட்னி கெட்டு ஒரேயடியாக ஊர் திரும்பினார். தென்காசியில் வாரந்தோறும் ரத்தம் சுத்தம் பண்ணவேண்டும். நானும் அதற்குள் ராயகிரி வாழ்க்கையை முடித்துக்கொண்டு இங்கே கடை போட்டிருந்தேன். ஒரு நாள் கையில் பிளாஸ்திரியோடு கடைக்கு வந்து உட்கார்ந்தவர், "ஏட்டி, அந்தக் கேசட்டைத் தேடணும்" என்றார். எந்தக் கேசட் என்று நான் கேட்கவில்லை. "அதுக்குள்ள அவன் நிக்கான். கோட்டை வாசல்ல. நான் வாரேன்னு நிக்கான்" என்றார். தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்கிற கதையாக இருக்கிறதே என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன். அவருக்கு இன்னொரு கவலையும் இருந்தது. அந்தப் பேட்டரி எத்தனை வருஷம் தாங்கும் என்று யாரிடமோ விசாரித்திருந்தார். நாம் தேடிக்கொண்டிருக்கும்போதே எங்கேயோ ஒரு மூலையில் அது தீர்ந்துகொண்டிருக்கும், தீர்ந்தால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும் என்பதை அவரால் தாங்கவே முடியவில்லை.

முதலில் போனது பழைய இரும்புக் கடைக்கு. அத்தான் உள்ளதை உள்ளபடி சொன்னார். கடைக்காரர் அதுவரை சாக்குகளைக் கிளறிக்கொண்டிருந்தவர், கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். "அல்பாயுசுல போன பிள்ளை சாமானா? தெரிஞ்சா கடைக்குள்ள விட்டிருக்கவே மாட்டனே அண்ணாச்சி. இனி கண்ணுல பட்டாலும் ஆத்துலதான் போடுவேன்" என்றார். கெட்ட மனிதர் இல்லை. எங்கள் பக்கத்தில் அது வழக்கம். அகாலத்தில் செத்தவன் சாமானை யாரும் வீட்டிலோ கடையிலோ வைத்துக்கொள்ளமாட்டார்கள். வெளியே வந்ததும் அத்தான் சொன்னார்: "இனிமே யாருட்டயும் நிசத்தைச் சொல்லக் கூடாது ட்டி. சொன்னா தூக்கிப் போட்டுருவானுவ." அன்றையிலிருந்து கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான். மகன் வெளியூரில் இருக்கிறான், அவன் பிறந்தநாளுக்கு வேண்டும்.

பழைய கேம் கேசட் தேடுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. தென்காசி, சுரண்டை, செங்கோட்டை என்று டிவி ரிப்பேர்க் கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கினோம். பழைய பொருள் விற்கிற ஆப்பில் நான் விளம்பரம் போட்டேன். அப்போதுதான் தெரிந்தது, எங்கள் வீட்டில் குப்பை என்று கட்டிப் போட்டதற்குச் சென்னையிலும் கொச்சியிலும் கண்ணாடி அலமாரி வைத்துக் காத்திருக்கிறார்கள் என்று. ஒட்டியிருக்கிற படம் ஒன்று, உள்ளே இருக்கிற ஆட்டம் வேறொன்று. வாங்கி வந்து சொருகினால் பறவை சுடுகிற ஆட்டம் வரும். கேசட் சரியாக இருந்தால் பெட்டி வேலை செய்யாது. நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம். இருந்தும் அதே ஆட்டக் கேசட்டுகள் சில கிடைத்தன. ஒவ்வொன்றிலும் யாரோ ஒரு பிள்ளை விட்டுப்போன பேர் இருக்கும். ஒன்றில் 'ரவி', ஒன்றில் 'சீனு'. அத்தான் அவற்றை அழிக்க விடவில்லை. "யாரு பெத்த பிள்ளையோ, நின்ன இடத்துலயே நிக்கட்டும்" என்று துணியில் சுற்றி எடுத்து வைத்தார்.

போன வருஷத்துக்கு முந்தின ஆனியில், சாரல் பிடித்த ஒரு காலை, என் போனுக்கு ஒரு படம் வந்தது. சாம்பல் கேசட்டின் பின்பக்கம். அழுக்கேறி, ஓரம் சுருண்டு, மெரூன் பொட்டு. விளம்பரத்தைப் பார்த்து அனுப்பியவர் சுரண்டைக்காரர். சீசனுக்குக் குற்றாலத்தில் கடை போட்டு, பழைய கேம் பெட்டிகளை அரைமணி நேரக் கணக்கில் ஆட விடுகிறவர். நான் கடையை அப்படியே போட்டுவிட்டு அக்கா வீட்டுக்கு ஓடினேன். அக்கா போனை வாங்கி, அந்தப் படத்தைப் பெரிதாக்கத் தெரியாமல் கண்ணோடு ஒட்டி வைத்துப் பார்த்தாள். "என் கையால கொடுத்தேன். என் கையில வந்துருமா ட்டி?" என்றாள். அத்தான் கடைக்காரருக்குப் போன் போட்டார். "தம்பி, யாருக்கும் கொடுத்துராதீங்க. மகன் பிறந்தநாளுக்கு. நல்லபடியா வேணும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை மெயின் அருவியில் தண்ணீர் அதிகம், குளிக்கத் தடை. தடை போட்டால் குற்றாலத்தில் கூட்டம் முழுக்கக் கடைகளில்தான் நிற்கும். தலையில் எண்ணெய் வைத்துவிட்டுக் குளிக்க முடியாதவர்கள் துண்டும் தோளுமாகச் சிப்ஸ் தின்றுகொண்டு நடந்தார்கள். கேம் கடையில் பிள்ளைகள் ஈ மொய்க்கிற மாதிரி மொய்த்திருந்தார்கள். கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் கூட்டத்தை விலக்கி ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார். பளபளக்கிற வண்ணத்தாளில் சுற்றி, மேலே ரிப்பன் கட்டி, கேசட்டை எடுத்து அத்தான் கையில் கொடுத்தார். அத்தான் தாளைப் பிரித்துத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் சுத்தமாக இருந்தது. பொட்டு இல்லை.

"அழுக்கு மூட்டையாவா குடுக்க முடியும் அண்ணாச்சி, பிள்ளை பிறந்தநாளும் அதுவுமா?" என்றார் கடைக்காரர். "தின்னர் வச்சித் துடைச்சேன். உள்ள பேட்டரி பழசு, எடுத்துட்டுப் புதுசு போட்டிருக்கேன். இனி ரொம்ப வருசத்துக்குக் கவலை இல்ல. அதுக்குத் தனியா ஒண்ணும் வேண்டாம், பிள்ளைக்கு என் பங்கா இருக்கட்டும்." சொல்லிக்கொண்டே அதைச் சொருகிக் காட்டினார். பேர் இருக்கவேண்டிய இடங்கள் எல்லாம் காலியாக வந்தன. "பாத்தீங்களா, புத்தம் புதுசு மாதிரி" என்று சிரித்தார். நான் திட்டவேண்டும் என்று எழுந்தேன். அத்தான் என் கையைப் பிடித்து அமர்த்திவிட்டு, "ரொம்ப நன்றி தம்பி" என்றார். "பிள்ளை எந்த ஊர்ல அண்ணாச்சி இருக்கான்?" என்று கடைக்காரர் கேட்டார். அத்தான் குனிந்து ரிப்பனைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "ரொம்பத் தூரம் அண்ணே" என்று நான்தான் சொன்னேன்.

அருவிச் சத்தம் கேட்கிற ஒரு கடைப் படியில் அத்தான் உட்கார்ந்துவிட்டார். சாரல் அவர் சட்டையை நனைத்துக்கொண்டிருந்தது. "அந்தத் தம்பி நல்லதுதான் பண்ணியிருக்கான் ட்டி. நான் பொய் சொன்னேன், அவன் அதை நம்பிட்டான்" என்றார். அழவில்லை. கண்ணும் மூக்கும் மட்டும் சிவந்திருந்தன. எழுந்திருக்கும்போது, "உங்கக்காட்ட சொல்லிராத. அவ கையால தூக்கிப் போட்டதுலதான் போச்சுன்னு நெனைப்பா. செத்துருவா" என்றார். வீட்டுக்குப் போனதும், கடைக்காரர் துடைத்ததில் பொட்டு போய்விட்டது, கேசட்டும் சரியாக வேலை செய்யவில்லை, பழுது பார்த்துக் கொண்டுவருகிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டார்.

மறுநாளிலிருந்து என் கடையின் பின்கட்டில், ஒரு பழைய டிவி முன்னால் அவர் ஆடத் தொடங்கினார். முதல் வேலை பேர் வைப்பது. நாலு பேர் வேண்டும் என்று திரை கேட்டது. எனக்கு ஆங்கில எழுத்து தெரியும் என்பதால் என்னை வைக்கச் சொன்னார். மகன் பேரைச் சுருக்கி வைத்தேன். அடுத்து, வைத்தியம் பார்க்கிறவளுக்கு 'அம்மா'. அடுத்து 'சித்தி' என்று வைக்கச் சொன்னபோது எனக்கு எழுத்து மங்கிப்போயிற்று. கடைசியாக ஒருத்தன், கவசம் போட்டவன். "அதுக்கு அப்பான்னு வை. நாம நாலு பேருதானே ட்டி?" என்றார். ஆமா அத்தான் என்றேன். "முன்னால நிக்கிறவனுக்குத்தான் முத அடி விழுமாம். என்னைய முன்னால வை" என்றார். கம்பி கட்டிக் காய்த்துப்போன விரல்களுக்கு அந்தச் சின்னப் பொத்தான்கள் அகப்படவில்லை. செத்துச் செத்துப் பிழைத்து, ரத்தம் சுத்தம் பண்ணிவிட்டு வந்து தலைசுற்றலோடு உட்கார்ந்து, ஆடி போய் ஆவணி போய், ஐப்பசி மழை தொடங்கும்போது ஒரு வழியாகக் கோட்டை வாசலுக்கு வந்து சேர்ந்தார். அங்கேயே நிறுத்தி, ஆட்டத்தைச் சேமித்து, கேசட்டை வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார். நானும் கேம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன்.

அக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு டிவி முன்னால் வந்து உட்கார்ந்தாள். கறுப்புக் கோட்டை வந்தது. வாசலில் வரிசையாக நாலு உருவங்கள். கீழே நாலு பேர்கள். பேர்களை ஒவ்வொன்றாக வாசித்தாள். பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் ஆங்கிலம் படித்தவள். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் மகன் உருவத்தை விரலால் தொட்டாள். "ஆமா. இதான்" என்றாள். அத்தான் எப்போதும் நிற்கிற நிற்பில்தான் நின்றுகொண்டிருந்தார், பேப்பர் வாங்கக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி. அவர் நெஞ்சிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. பாஸ். மாசி மாதத்தில் அத்தான் இறந்துபோனார். கடைசி நாட்களில் அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. அந்தப் பொய்யாவது ஒழுங்காக முடிந்ததே என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அத்தானின் பதினாறு முடிந்த மறுநாள் அக்கா வீட்டுக்குப் போனேன். மறுபடியும் மூட்டை கட்டிவிடுவாளோ என்று பயம். அவள் நெற்றி வெறுமையாக இருந்தது. டிவி ஓடிக்கொண்டிருந்தது, கோட்டை வாசலில் நாலு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். அவள் மடியில் பாதி தீர்ந்த பொட்டு அட்டை. "இனி எனக்கு எதுக்கு இது?" என்றாள். பிறகு டிவியைப் பார்த்துக்கொண்டே, காய் நறுக்கும்போது பேசுகிற அதே குரலில் சொன்னாள்.

"இது அவன் ஆடுனது இல்ல ட்டி."

எப்படித் தெரியும், எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன்.

"பேரைப் பாத்ததுமே தெரியும். அவன் ஆட்டத்துல அவன் இருந்தான், நான் இருந்தேன், நீ இருந்த. நாலாவது உங்கத்தான் கெடையாது. மணி."

நாயா என்று கேட்டேன். எனக்கு இடம் இருந்தது, தெருநாய்க்கு இடம் இருந்தது.

"அப்பா பேரு வைலேன்னு நாந்தான் சொன்னேன். 'அப்பாவுக்குப் பாதியில லீவு முடிஞ்சிரும்மா, ஆள் கொறைஞ்சா நாம தோத்துருவோம்'ன்னான். சின்னப் பிள்ளை, கள்ளங்கபடு இல்லாமத்தான் சொன்னான். அவியட்ட இதை எப்படிச் சொல்ல? அன்னைக்கு நான் 'இதான்'னு சொல்லலைன்னா, அந்த மனுசன் எங்கன போயி நிப்பாவ?"

என் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து "என்னைய முன்னால வை" என்று அவர் சொன்னது எனக்குக் காதில் கேட்டது. ஜெராக்ஸ் மிஷின் மாதிரி ஓயாமல் ஓடுகிற என் வாய் அன்றைக்கு நின்றுபோயிற்று. அவளுக்காக அவர் பொய் சொன்னார், அவருக்காக அவள் பொய் சொன்னாள், இரண்டுக்கும் நடுவில் எல்லாம் தெரிந்தவள் என்று நினைத்துக்கொண்டு நான் ஒருத்தி. அக்கா எழுந்துபோய் டிவியை அணைத்தாள். கேசட்டை வெளியே எடுத்துத் திருப்பி, முந்தானையால் பின்பக்கத்தைத் துடைத்து, அட்டையிலிருந்து ஒரு பொட்டைப் பிய்த்துப் பழைய இடத்திலேயே ஒட்டினாள். அவள் பெருவிரலால் அதை அழுத்திக்கொண்டிருந்தபோது, கோட்டைக்குள் ஒரு தடவை போய்ப் பார்த்துவிடுவோமா அக்கா என்று கேட்டேன். எனக்கு வேறென்ன கேட்பதென்று தெரியவில்லை.

"வேண்டாம் ட்டி. உள்ள போனா முடிஞ்சிரும். லீவு முடியாம அவிய நிக்குத எடம் இது ஒண்ணுதான். நிக்கட்டும்."